ஓவியர் ஐசெனின் வீழ்ச்சிக்கு அவர் குணம் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூல்களின் சித்திர அழகு குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு துறைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையில் ஷார்ல் ஐசென் என்ற ஓவியரைப் பற்றி வரும் பத்தி, ஒரு மனிதரின் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பை நீதிக்கதை ஒன்றுக்குள் அடைத்துவிட்டது. அரசவையின் தயவால் உயர்ந்தார், முத்தக் காட்சிகளும் சரசக் கதைகளும் வரைந்து பெயர் பெற்றார், ஒழுக்கம் கெட்டு வறுமையில் மாண்டார் என்று அது முடிகிறது. ஐசென் அரசவையில் இருந்ததும் உண்மை, வறுமையில் இறந்ததும் உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள காரணம்தான் கட்டுரையில் இல்லை. அவர் செய்த தொழில் அந்நாளில் எப்படி அமைந்திருந்தது என்பதைப் பார்க்காமல் அவருடைய வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கான சான்று உங்கள் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. கட்டுரையோடு வந்த இரண்டு பெரிய படங்களும் சட்டக்கோட்டை ஒட்டி வெட்டப்பட்டிருந்தன. அக்காலத்துச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களில் பெரும்பாலும் சட்டக்கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். இடது ஓரத்தில் படத்தைக் கற்பனை செய்து வரைந்தவரின் பெயரும், வலது ஓரத்தில் அதைத் தகட்டில் செதுக்கியவரின் பெயரும் லத்தீன் சுருக்கக் குறிப்போடு இருக்கும். அந்த மெல்லிய துண்டை வெட்டிவிட்டால் படம் நூலாசிரியருடையதாகிவிடுகிறது. உங்கள் படக்குறிப்புகளும் முதல் படத்தை லோஜியேயின் குடிசை என்றும், இரண்டாவதை ரூசோவின் நூலிலிருந்து என்றும்தான் சொல்கின்றன. இரண்டையும் வரைந்தவர் ஐசென். முதலாவதைச் செதுக்கியவர் அலியாமே, இரண்டாவதைச் செதுக்கியவர் சோர்னிக். ஐசெனை அழகுப் பதுமைகள் வரைந்தவர் என்று சொல்லும் பத்திக்குப் பக்கத்திலேயே, அவருடைய மிகக் கனமான இரண்டு படங்கள் அவர் பெயரில்லாமல் நிற்கின்றன.

இந்த இரண்டு படங்களையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாதிரியார் லோஜியே கட்டடக்கலை பற்றிய தம் நூலை 1753இல் பெயர் போடாமல் வெளியிட்டார். 1755இல் தம் பெயரோடு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது ஐசெனின் முகப்புச் சித்திரம் அதில் சேர்ந்தது. தூண்தலையும் உத்தரத் துண்டுகளும் தரையில் உடைந்து கிடக்க, அவற்றின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கிறாள் ஒரு பெண். அவளிடம் கவராயமும் மூலைமட்டமும் இருக்கின்றன. அவள் சுட்டிக்காட்டும் திசையில் வேரோடு நிற்கும் மரங்களே தூண்களாகவும், குறுக்கே கிடத்திய கிளைகள் உத்தரங்களாகவும், சாய்வாக நிறுத்திய கொம்புகள் கூரையாகவும் அமைந்த ஒரு குடிசை தெரிகிறது. அவளுக்கு எதிரே சிறகு முளைத்த குழந்தையொன்று அதை வியந்து பார்க்கிறது. கட்டடத்துக்கு அடிப்படை தூண், உத்தரம், கூரை மூன்றும்தான், மற்றவை பிறகு ஒட்டிக்கொண்டவை என்று லோஜியே பல பக்கங்களில் வாதிடுவதை ஐசென் ஒரே தாளில் கண்ணுக்குமுன் நிறுத்திவிட்டார். இன்று உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் முதல் ஆண்டிலேயே காணும் படம் இது. லோஜியேயின் நூலைப் படிக்காதவர்களும் இந்தப் படத்தை அறிவார்கள்.

தத்துவ அறிஞர் ரூசோவின் நூலுக்கான படமும் அதே 1755இல் வந்ததுதான். மனிதர்களிடையே சமமின்மை எப்படித் தோன்றியது என்று ஆராயும் அந்த நூலை ஆம்ஸ்டர்டாமில் மார்க்-மிஷேல் ரே பதிப்பித்தார். தென்னாப்பிரிக்க முனையில் டச்சுக்காரர்கள் எடுத்து வளர்த்த கோய்கோய் இன இளைஞன் ஒருவன், ஐரோப்பிய உடைகளைக் களைந்து மூட்டையாகக் கட்டி ஆளுநர்முன் வைத்துவிட்டு, ஆட்டுத்தோல் போர்த்தித் தன் மக்களிடம் திரும்பிப் போகிறான். ரூசோ ஒரு குறிப்பில் சொல்லும் இந்தக் கதையை நூலின் முகப்பிலேயே காட்சியாக்கினார் ஐசென். ஒரு பக்கம் உடையலங்காரத்தோடு டச்சுக்காரர்கள், தரையில் அந்த மூட்டை, பின்னால் கடல், தொலைவில் குடிசைகள் என்று அமைந்த படம் அது. அரசவை நாகரிகத்துக்கு வரைந்து பழகியவர் என்று நாம் கருதும் ஒருவரின் கை, நாகரிகத்தையே கேள்வி கேட்ட இரண்டு நூல்களுக்கு ஒரே ஆண்டில் முகம் கொடுத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் ஐசெனை எடைபோடுவது நியாயமல்ல.

அவர் உயர்ந்த வழியும் வெறும் தயவால் ஆனதல்ல. 1720இல் பிரான்சின் வட எல்லையில் உள்ள வலான்சியேன் நகரில் பிறந்த ஐசெனுக்கு, பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்து குடியேறிய ஓவியரான தந்தை ஃபிரான்சுவாதான் முதல் ஆசான். 1741இல் பாரிஸுக்கு வந்து, மறு ஆண்டு ழாக்-ஃபிலிப் லெ பா நடத்திய செதுக்குப் பட்டறையில் சேர்ந்தார். 1747இல் வெளியான கவிஞர் புவாலோவின் தொகுப்பிலும், 1751இல் பிரெஞ்சில் வந்த எராஸ்மஸின் நூலிலும் அவருடைய சித்திரங்கள் இடம்பெற்றன. அரசரின் ஓவியர் என்ற பட்டமும், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியான பொம்பதூர் சீமாட்டிக்குச் சித்திரம் கற்பிக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தன. பொம்பதூர் தாமே செப்புத்தகட்டில் எட்சிங், அதாவது அமிலத்தால் கோடுகளை அரிக்கும் வேலை, செய்து பார்த்தவர். அப்படிப்பட்டவருக்குக் கற்பிக்கப் பேச்சுத்திறமை மட்டும் போதாது, தொழிலும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐசெனின் பிற்காலத் துயரத்துக்கான விதை அதில்தான் இருக்கிறது. ஓவியர் முதலில் தாளிலோ மெல்லிய தோலிலோ, அச்சில் வரவேண்டிய அதே சிறிய அளவில், பென்சிலாலும் மை நீராலும் சித்திரத்தைத் தீட்டித் தருவார். செதுக்குபவர் செப்புத் தகட்டின்மேல் அமிலம் தாக்காத மெழுகுப் பூச்சைத் தடவி, ஊசியால் அந்தக் கோடுகளைக் கீறி, தகட்டை அமிலத்தில் இடுவார். பூச்சு கீறப்பட்ட இடங்களில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். இதோடு முடிவதில்லை. அரித்த கோடுகளுக்கு மேல் செதுக்குளியைக் கொண்டு நிழலின் ஆழத்தையும் துணியின் பளபளப்பையும் தோலின் மென்மையையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓர் உள்ளங்கை அளவுத் தகட்டுக்கு வாரக்கணக்கில் உழைப்பு செல்லும். எட்சிங் செய்து பார்த்தவர்களுக்கு, அமிலத்திலிருந்து எப்போது தகட்டை எடுப்பது என்ற ஒரே முடிவில் எத்தனை நாள் வேலை தங்கியிருக்கிறது என்பது தெரியும். ஐசென் தம் கையாலும் சில தகடுகளை எட்சிங் செய்திருக்கிறார். தகட்டில் எந்தக் கோடு நிற்கும், எது மங்கிப்போகும் என்ற அறிவு அவருக்கு இருந்ததால்தான் அவருடைய சித்திரங்களைச் செதுக்க லோங்கேய், லெ மீர், அலியாமே போன்ற முதல்தரக் கலைஞர்களால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் கூட்டுழைப்பின் உச்சம் 1762இல் வந்த, கவிஞர் லா ஃபோந்தேனின் கதைகள். வரி வசூல் குத்தகை எடுத்துப் பெரும் பணம் சேர்த்த செல்வந்தர்கள் சிலர் செலவை ஏற்றுக்கொண்டதால், குத்தகையாளர் பதிப்பு என்றே அது இன்றும் அழைக்கப்படுகிறது. தலைப்புப் பக்கம் ஆம்ஸ்டர்டாம் என்று சொன்னாலும் அச்சானது பாரிஸில். இரண்டு தொகுதிகள், ஐசெனின் 80 முழுப்பக்கச் சித்திரங்கள், கதை முடியும் இடங்களில் ஷொஃபார் வரைந்து செதுக்கிய முடிவுச் சித்திரங்கள் என்று விரிகிறது அது. இந்த நூலில் என்னை மிகவும் நெகிழவைக்கும் விவரம் ஒன்று உண்டு. முதல் தொகுதியில் லா ஃபோந்தேனின் உருவப்படம் இருக்கிறது; இரண்டாம் தொகுதியில், அதே மரியாதையோடு, ஐசெனின் உருவப்படம் இருக்கிறது. இரண்டையும் செதுக்கியவர் ஃபிக்கே. ஷொஃபாரும் கடைசி முடிவுச் சித்திரத்துக்குள் தம் முகத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டார். கதை எழுதியவருக்கு நிகராகச் சித்திரம் வரைந்தவரின் முகமும் நூலில் இடம்பெற்றது அக்காலத்தில் அரிது. ஓவியர்களுக்குத் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு இருந்தது என்பதை இந்தப் படங்கள் காட்டுகின்றன.

அதன் பிறகும் வேலை குறையவில்லை. 1767 முதல் 1771 வரை நான்கு தொகுதிகளாக வந்த, ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் உருமாற்றக் கதைகளில் பூஷே, கிராவலோ, மொரோ ஆகிய ஓவியர்களோடு ஐசெனும் பங்கேற்றார். 1770இல் கவிஞர் தொராவின் முத்தங்கள் என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. உங்கள் கட்டுரை இதை மட்டுமே ஐசெனின் அடையாளமாகக் கொள்கிறது. சித்திரங்களின் நயத்தை நானும் மறுக்கவில்லை. ஒவ்வொரு கவிதைக்கும் மேலே ஒரு சிறு சித்திரம், கீழே ஒன்று. எழுத்துகள் ஒரு அச்சுப்பொறியிலும் செப்புத்தகடு வேறொரு உருளைப்பொறியிலும் அச்சாக வேண்டியிருந்ததால், ஒரே தாளை இரண்டு பொறிகளில் இடம் பிசகாமல் செலுத்த வேண்டும். இப்படிச் செலவு செய்த தொரா தம் சொத்தைக் கரைத்து, 1780இல் கடனாளியாக இறந்தார். அந்தக் கவிதைகளை இன்று படிப்பவர்கள் மிகச் சிலர். அந்த நூலைத் தேடி வாங்குபவர்கள் ஐசெனுக்காக வாங்குகிறார்கள். 1772இல் மோந்தெஸ்கியுவின் ஒரு சிறு நூலுக்கும் அவர் வரைந்தார். அதில் எழுத்துகளையும் சேர்த்து முழு நூலுமே செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டது.

இவ்வளவு நூல்களால் ஐசெனுக்கு என்ன கிடைத்தது? சித்திரத்தைக் கொடுத்த அன்று பெற்ற கூலிதான். தகடு பணம் போட்டவருடைய சொத்து. ஓவிட் பதிப்பை எடுத்துக்கொண்டால், அதன் பதிப்பாளர்களில் ஒருவரான லெ மீர் செதுக்குபவர், மற்றொருவரான பசான் செதுக்குபவரும் அச்சுப்பட வணிகரும் ஆவார். தகடு கையில் இருந்தவர் தேய்ந்த கோடுகளைத் திருத்தி மீண்டும் அச்சடிக்கலாம், தகட்டை வேறொருவருக்கு விற்கலாம். வரைந்தவருக்கு அதில் பங்கு கிடையாது. அவர் வாழ வேண்டுமானால் அடுத்த நூல் வந்துகொண்டே இருக்க வேண்டும். உடல்நலமோ வாசகர் ரசனையோ மாறிய நாளில் வருமானம் நின்றுபோகும். ஓர் ஓவியர் சிக்கனமாக இருந்திருக்கலாம் என்று சொல்வது எளிது. சேமித்தாலும் நீண்டநாள் தாங்காத தொழிலாகத்தான் அது இருந்தது.

நிறுவனத்தின் ஆதரவும் அவருக்கு இல்லை. அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர்களே லூவ்ரில் நடந்த சலோன் கண்காட்சியில் படம் வைக்க முடியும் என்பது அன்றைய விதி. ஐசென் அதில் உறுப்பினர் அல்ல. அவர் கற்பித்ததும் காட்சிப்படுத்தியதும் ஓவியர் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த புனித லூக்கா கழகத்தில். 1776இல் அமைச்சர் துர்கோ பாரிஸின் தொழிற்சங்கங்களைக் கலைத்தபோது அந்தக் கழகமும் மூடப்பட்டது. துர்கோ பதவி இழந்த பிறகு சங்கங்கள் புது வடிவில் திரும்பி வந்தன, ஆனால் அந்தக் கழகம் திரும்பவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், தாம் ஆசிரியராக இருந்த ஒரே இடம் இல்லாமல்போன ஓவியர் அடுத்த ஆண்டே பாரிஸை விட்டுப் போனார் என்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பொம்பதூர் 1764இலேயே இறந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசவையில் அவருக்கென்று பேச வலுவான குரல் அதன்பின் இல்லை.

ரசனை மாறியது மூன்றாவது காரணம். வளைகோடுகளும் மேகங்களும் பூமாலைகளும் நிறைந்த பாணி சலித்துப்போய், கிரேக்க, ரோமானியக் கடுமையை மக்கள் விரும்பத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கடுமைக்குக் கொள்கை வகுத்தவர்களில் லோஜியேயும் ஒருவர் என்பது வருத்தத்தோடு நினைவில் வருகிறது. ஐசெனின் காலத்தவரும் அவரைவிட இருபது ஆண்டுகள் இளையவருமான மொரோவின் நிலைமை வேறு. அவரும் ஒரு காலத்தில் லெ பாவின் பட்டறையில் வேலை செய்தவர்தான். ஆனால் 1770இல் அரசவை விழாக்களின் சித்திரப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது, 1789இல் அரச ஓவியக் கழகமும் அவரை ஏற்றது. 1785இல் இத்தாலி சென்று திரும்பிய பிறகு அவரும் புதிய பாணிக்கு மாறினார். அந்தப் பிற்காலச் சித்திரங்களைப் பார்த்தால், இளமையில் அவருடைய கோட்டில் இருந்த உயிரோட்டம் இறுகிப்போயிருப்பது தெரியும். மாறியவருக்குப் பதவி நிலைத்தாலும் கலை நலிந்தது. மாறாதிருந்த ஐசெனுக்குப் பிழைப்பே போய்விட்டது. இதில் ஒருவரின் குணத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

1777இன் இறுதியில் ஐசென் தந்தையின் பழைய ஊரான பிரஸ்ஸல்ஸுக்குச் சென்றார். அங்கே 1778 சனவரி 4ஆம் நாள், ஐம்பத்தேழு வயதில், வறுமையில் இறந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1793 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுப் புரட்சிப் பேரவை ஒரு சட்டம் இயற்றியது. எழுத்தாளர்களோடும் இசையமைப்பாளர்களோடும், தம் ஓவியங்களையும் சித்திரங்களையும் செதுக்க வைக்கும் ஓவியர்களுக்கும் அவற்றை விற்கவும் பரப்பவும் வாழ்நாள் உரிமை உண்டு என்றும், அவர்களுக்குப் பின் வாரிசுகளுக்குப் பத்தாண்டு உரிமை உண்டு என்றும் அது அறிவித்தது. வரைந்தவரை எழுதியவரோடு ஒரே வரியில் வைத்துப் பேசிய சட்டம் அது. ஐசெனுக்கு இது உதவியிருக்குமா என்றால், சித்திரத்தை விற்றுவிட்டுப் போனவருக்கு முழுமையாக உதவியிருக்காது என்பதே என் கணிப்பு. ஆனாலும் பதிப்பாளரோடு பேரம் பேச அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோன்கூர் சகோதரர்கள் தம் முன்னோர் காலக் கலையைப் பற்றி 1859 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் ஐசெனுக்கும் இடம் கொடுத்தார்கள். 1870இல் ஆன்ரி கோயன், இத்தகைய சித்திர நூல்களைச் சேகரிப்பவர்களுக்கென ஒரு வழிகாட்டியைத் தொகுத்தார். அதன் பிறகு இந்த நூல்களின் விலை ஏறியது. ஆனால் நூலைச் சேகரிப்பவர்கள் தேடியது பெரும்பாலும் காதல் சித்திரங்களையே. உங்கள் கட்டுரையாளரும் அந்தச் சேகரிப்பாளர்களின் கண்ணால்தான் ஐசெனைப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1755இன் அந்த இரண்டு முகப்புச் சித்திரங்களும் கட்டடக்கலையாளர்களிடமும் தத்துவ மாணவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. அவர்கள் லோஜியேயையும் ரூசோவையும் நினைவில் வைத்தார்கள்.

எனவே அந்தப் படக்குறிப்புகளுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, வரைந்தவர், செதுக்கியவர் இருவரின் பெயரையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரெஞ்சு தேசிய நூலகம் இவ்வகை நூல்கள் பலவற்றை முழுத்தாளாக, அடிவரி வெட்டுப்படாமல், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. படத்தேர்வு செய்யும் உங்கள் உதவி ஆசிரியர்களுக்கு அது பெரிதும் பயன்படும். இதே வரிசையில் கிராவலோவைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டால் மகிழ்வேன். தையற்காரரின் மகனாகப் பிறந்து, லண்டனில் பல ஆண்டுகள் பணியாற்றி பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கில ஓவியரான இளம் கெயின்ஸ்பரோவுக்கும் கற்பித்து, உடை அணிவித்த சிறு பொம்மைகளை நிறுத்திவைத்து உருவங்களின் நிலைகளை வரைந்து பார்த்த அவருடைய சித்திரங்களை ஐசெனின் சித்திரங்களோடு பக்கத்தில் பக்கமாக வைத்து அச்சிட்டால், ஒரே காலத்தில் ஒரே தொழிலைச் செய்த இரண்டு கைகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதை வாசகர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்